த. சின்னத்தம்பி என்று ஒருவர் இல்லை

1

போன மாதம் கண் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் இருபது பேராவது இருப்போம். வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளை எழுந்து வந்து, "மிஸ்டர் கண்டியா! மிஸ்டர் கண்டியா!" என்று இரண்டு தரம் கூப்பிட்டது. நான் எழுந்து போனேன். கந்தையா என் அப்பா. அவர் கண்ணை மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவுஸ்திரேலியா எந்தப் பக்கம் என்றுகூட மனிசனுக்குத் தெரியாது. ஆனால் இந்த நாட்டில் வரி கட்டுகிறவர், வாக்குப் போடுகிறவர், கண்ணில் புரை வளர்க்கிறவர் எல்லாம் அவர்தான். குணரத்தினம் என்கிற நான் அவருடைய பெயரின் வாலாகப் பின்னால் தொங்கிக்கொண்டு திரிகிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது பகிடியாக இருக்கும். எங்களுடைய கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். இவர்களுக்கோ முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர், பின்னால் நிற்பது குடும்பப் பெயர். வந்த புதிதில் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் விளங்கப்படுத்திப் பார்த்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நோ வொரீஸ், கண்டியா" என்பார்கள். பிறகு விட்டுவிட்டேன். சிட்னியில் பாதித் தமிழர்கள் செத்துப்போன தகப்பன்மாரின் பெயரில்தான் உயிர்வாழ்கிறோம்.

என் சிநேகிதன் தவராசாவின் கதை இன்னும் மோசம். அவன் அப்பா சின்னத்தம்பி. லிட்கம்மில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வேலைசெய்த காலத்தில், அந்த நீளப் பெயர் வெள்ளைக்காரன்களின் வாயில் நுழையாமல் "சின்னா" என்று குறுகிப்போனது. அவர்கள் உச்சரிப்பில் அது அச்சொட்டாக "சின்னர்". பாவி என்று அர்த்தம். காலையில் வரவு அட்டையைக் குத்திவிட்டு உள்ளே போனால் நாலு பக்கத்தாலும் "ஹேய் சின்னர்!" என்பார்கள். தவம் சிரித்துக்கொண்டு, "என்ன பாவம் செய்தனானோ தெரியேல்லையடா குணம்" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். பாவம் செய்தவன் யார் என்று தெரிந்துகொண்டே சிரிப்பேன்.

அதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

கண் டாக்டரிடம் போய்வந்த அதே கிழமையில் மெல்பேர்னில் இருந்து நிமால் கூப்பிட்டான். கிரான்பர்னில் மகளோடு இருக்கிறான். ஒரு காலத்தில் எங்கள் நாட்டு ஆண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவனாக இருந்தவன். ஆள் சிங்களவன். நாங்கள் பேசுவது பாதி சிங்களம், பாதி இங்கிலீசு. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மச்சான், நாங்கள் வெளிநாட்டுக்குப் போய் விளையாடின அந்தப் பயணத்தின் ஆண்டுநிறைவு வருகுது. மிஞ்சி இருக்கிற ஆக்களை எல்லாம் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறன். அதோட டீமின்ர வரலாற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறன்."

"அதுக்கென்ன வரலாறு?" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், இல்லையா? கிரிக்கெட்டுக்கு எத்தனை புத்தகம்! எங்களைப் பற்றி நாலு பக்கம் எங்கேயாவது இருக்கா? இன்னும் பத்து வருசத்தில நாங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்திடுவம். நாங்கள் விளையாடினதுக்கு ஒரு சாட்சி வேண்டாமா?"

நியாயமான பேச்சு. நாட்டுக்கு சிலோன் என்று பெயர் இருந்த காலத்து ஆட்டக்காரர்கள் சிலரைக்கூட அவன் தேடிப்பிடித்துக் கதைத்திருக்கிறான். சீமெந்துத் தரையில் முழங்கால் தேய விளையாடியது, மழை வந்தால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் பந்தைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு ஓடியது, பட்டாளத்துப் பெடியள், வங்கிப் பெடியள், பள்ளிக்கூடம் விட்டு ஒரு வருடம்கூட ஆகாத பெடியள் எல்லாம் ஒரே அறையில் படுத்து எழும்பியது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறான். புறக்கோட்டைத் தையல்காரன் பன்னிரண்டு பேருக்கும் ஒரே அளவில் பிளேசர் தைத்துக் கொடுத்ததையும் விடவில்லை. உயர்ந்தவர்களுக்குக் கை முழங்கையோடு நின்றது. "தோத்ததை எழுதினால் மூன்று பக்கம் வரும், வெண்டதை எழுதினால் ஒரு பத்திதான்" என்று சொல்லி அவனே சிரித்தான். ஏழடி உயரத்துக்காரர்களின் கைகளுக்குக் கீழே புகுந்து ஓடி இரண்டு புள்ளி எடுத்துவிட்டு, கிண்ணம் வென்றதுபோலக் கட்டிப்பிடித்துக்கொண்ட அணி அது. தோற்றாலும் ஊரில் யாருக்கும் தெரியாது, வென்றாலும் தெரியாது.

பிறகு அவன் கேட்டான்: "மச்சான், நீ டீமின்ர ஒஃபீசில இருந்தவன்தானே. என்னட்ட அந்தக் காலத்துப் பெயர்ப் பட்டியல் ஒண்டு கிடைச்சிருக்கு. பன்னிரண்டு பேரில ஒருத்தனை எனக்குத் தெரியேல்லை. ஆர் இந்த த. சின்னத்தம்பி? அப்படி ஒருத்தன் எங்களோட விளையாடினதே இல்லையே."

"தெரியாது" என்றேன். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அறுபத்தெட்டு வயதில், பேரப்பிள்ளை கண்ட பிறகும், பொய் எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள்.

வைக்கப்போகும்போது நிமால் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "எப்படியாவது தவத்தைக் கூட்டிக்கொண்டு வா. ஒவ்வொரு புது வருசத்துக்கும் எடுக்கிறன், என்ர குரலைக் கேட்டதும் வச்சிடுறான். நான் அவனுக்கு என்ன செய்தன் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

3

தவம் ஆறடி இரண்டு அங்குலம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகிய இடது கைக்காரன். அவன் எறிந்தால் பந்து வளையத்தில் முட்டாது, வலை மட்டும் ஒருதரம் சிலிர்க்கும். எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து, பின்னேரங்களில் விளையாடி, மைதானத்திலேயே சிங்களமும் பழகி, கடைசியில் நாட்டு அணியின் பன்னிரண்டு பேரில் ஒருவனாக வந்தான். அந்தத் தடவை தெரிவானவர்களில் தமிழன் அவன் ஒருத்தன்தான்.

எனக்குப் பந்து வந்தால் கண் மூடிவிடும். ஆனாலும் தவம் கூடைப்பந்துச் சங்கத்துச் செயலாளரிடம் சொல்லி, அவருடைய அறையில் தட்டச்சு அடிக்கிற தற்காலிக வேலை ஒன்றை எனக்கு வாங்கித் தந்தான். அந்த வேலை அவனால் வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பயணத்துக்கு முன்னால், போட்டி நடத்துகிற நாட்டுக்கு எங்கள் ஆட்களின் பெயர்களை அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர்கள் நுழைவு அனுமதி தருவார்கள். குடும்பப் பெயரை முழுதாகவும் மற்றதை முதலெழுத்தாகவும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சிங்களப் பெயர்களுக்குப் பிரச்சினை இல்லை, இருந்தபடியே அடித்தேன். தவத்தின் பெயர் வந்தது. கையெழுத்துப் பட்டியலில் 'சி. தவராசா' என்று சரியாகத்தான் இருந்தது.

அங்கே என் மூளை வேலை செய்தது. அதற்கு ஒரு கிழமைக்கு முன்னால்தான் ஒரு தூதரக யன்னலில் நின்ற ஒருவர், "குடும்பப் பெயர் என்றால் தகப்பன் வழியாக வருவது. உன்னுடையது கந்தையா" என்று எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். அப்படியென்றால் தவத்தின் குடும்பப் பெயர் சின்னத்தம்பி அல்லவா? என் சிநேகிதனின் பெயர் வெளிநாட்டில் பிழையாகப் போய்விடக்கூடாதே! நான் திருத்தினேன். 'த. சின்னத்தம்பி' என்று அடித்தேன். அடித்துவிட்டு, இந்த நுணுக்கம் வேறு யாருக்கு விளங்கும் என்று ஒரு பெருமை வேறு. அந்தக் கதிரையில் ஒரு சிங்களப் பெடியன் இருந்திருந்தால் உள்ளதை உள்ளபடி பார்த்து அடித்திருப்பான், தவம் விமானம் ஏறியிருப்பான். அரைகுறை இங்கிலீசும் அதிகப்பிரசங்கித்தனமும் சேர்ந்த ஒரு தமிழனால் மட்டும்தான் அந்தப் பிழையைச் செய்யமுடியும்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அனுமதிக் கடிதங்கள் வந்தன. மற்ற எல்லாருக்கும் சரி. ஒன்று மட்டும் த. சின்னத்தம்பிக்கு. அப்படி ஒரு கடவுச்சீட்டு உலகத்தில் இல்லை. செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யார் இந்த ஆள்?" என்று கேட்டார். "அவங்கள்தான் பிழையாக அடிச்சு அனுப்பியிருக்கிறாங்கள் சேர்" என்றேன். திருத்தி எடுக்க நேரம் இல்லை. மேலதிக வீரனாகப் பெயர் கொடுத்திருந்த ஒருவனுக்கு அனுமதி சரியாக வந்திருந்தது. அவனைச் சேர்த்தார்கள். புதுப் பட்டியலைப் பியூனிடம் கொடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொன்ன செயலாளர், என்னிடம், "விசயத்தை நீயே உன்னுடைய சிநேகிதனுக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

நான் போனபோது தவம் ஏற்கெனவே பலகைக்கு முன்னால் நின்றான். தோளில் பயிற்சிப் பை.

"என்ர பேர் இல்லையடா குணம்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பன்னிரண்டாவது பெயரைக் கண்டுவிட்டான். "ஓகோ. நிமாலின்ர சித்தப்பா மோன். இப்ப விளங்குதுதானே? நான் தமிழன், அவன் தலைவன்ர சொந்தம்."

என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பிடித்தானே?"

"ஓம்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. நாளைக்குச் சொல்லலாம் என்ற நினைப்பு மற்றது. அன்று பின்னேரமே அவன் சப்பாத்தைக் கழற்றி செயலாளர் அறையின் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை.

4

பிறகு நாட்டில் நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு நடந்த அநியாயம் ஒன்றா இரண்டா? தவத்தின் கொழும்பு வாடகை வீடே எரிந்தது. அவை எல்லாம் உண்மை, அதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு உண்மைக்கும் நடுவில் என் பொய்யும் போய் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

முதலில் அவன் சிட்னிக்கு வந்தான், இரண்டு வருடம் பிந்தி நான். கிரவீனில் அவன் வீடு, நாலு தெரு தள்ளி என் வீடு. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, அறுபதாம் கலியாணம் என்று எந்த விழாவிலும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதை வரும். "நாட்டு டீமில இருந்த என்னைத் தமிழன் எண்டபடியால் கடைசி நாலு நாளில வெட்டினவங்கள். வேணுமெண்டால் குணத்தைக் கேளுங்கோ. அவன் அந்த ஒஃபீசிலதான் இருந்தவன்." எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன். நாற்பது வருடமாகத் தலையாட்டிச் சாட்சி சொன்னவன் நான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை என்று மனதைத் தேற்றியிருப்பேன். தவத்தின் மகன் பிரணவன் பதின்மூன்று வயதிலேயே தகப்பனின் தோளைத் தாண்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் யாரோ கையில் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவனும் இடது கை. நான் ஒருநாள் வேலியோரம் நின்று அவன் விளையாடுவதைப் பார்த்தேன். பதினைந்து வயதில் மாநில அணித் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒரு படிவம் அனுப்ப வேண்டும்.

தவம் போடவில்லை.

"கடைசியில வெட்டுவாங்கள். பேர் இல்லாத லிஸ்டுக்கு முன்னால நிண்டு பார்த்தவன் நான். என்ர பிள்ளையும் நிக்கவேண்டாம்."

நான் அப்போது அவர்கள் வீட்டு ஹோலில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன். பிரணவன் என் பக்கம் திரும்பி, "அங்கிள், ப்ளீஸ் டோக் டு ஹிம்" என்றான். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா சொன்னால் ஒரு காரணம் இருக்கும், தம்பி." அவன் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, "யூ பீப்பிள் ஆர் அன்பிலீவபிள்" என்று சொல்லிப்போட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

பிரணவன் இப்போது மெல்பேர்னில் கணினி வேலை. தகப்பனோடு தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசுவான், அதுவும் இங்கிலீசில். "ஹவ்ஸ் யுவர் ஷுகர், அப்பா? ஓகே. டேக் கெயார்." பிள்ளைகள் விலகிப்போவதற்கு இந்த நாட்டில் ஆயிரம் காரணம், எல்லாப் பழியையும் நான் என் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று மனைவி சொல்கிறாள். அவளுக்கு அந்தப் படிவத்தின் கதை மட்டும்தான் தெரிந்திருந்தது. மற்றதை நிமால் கூப்பிட்ட அன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னை யாரோ பிறத்தியானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "இனி ஏன் கிளறுறியள்? வயசு போன நேரத்தில அந்த மனிசன் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

நிம்மதியாக இருந்தது நான். அவன் எங்கே இருந்தான்?

5

சனிக்கிழமை காலை பத்து மணிபோல அவன் வீட்டுக்குப் போனேன். தவம் முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். குசினிக்குள் இருந்து அவன் மனைவி மலர், "குணம் அண்ணையோ? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று குரல் கொடுத்தாள்.

"நிமால் கூப்பிட்டவன்" என்று தொடங்கினேன்.

"அவன்ர கதை எனக்குத் தேவையில்லை."

"அவனில பிழை இல்லையடா தவம். ஒருத்தரும் உன்னை வெட்டேல்லை. பெர்மிட்டுக்குப் போன லிஸ்டில உன்ர பேரை நான்தான் பிழையா அடிச்சனான்."

அவன் தண்ணீர்க் குழாயைப் பூட்டினான்.

"என்னெண்டு அடிச்சனி?"

"த. சின்னத்தம்பி எண்டு."

"அது என்ர ஐயா."

"ஓம்."

"ஐயாவையோ பாஸ்கற்போல் விளையாட அனுப்பினனி?" என்றான். வாயோரம் ஒரு சிரிப்புக்கூட வந்தது. அப்பாடா, பெரிதாக எடுக்கமாட்டான் என்று ஒரு நொடி நினைத்தேன். சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. கையில் இருந்த துணியைப் பிழியத் தொடங்கினான். அதில் தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான்.

"நிமாலுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவனுக்கு ஒண்டும் தெரியாது."

"அவன் தன்ர கலியாணத்துக்குக் கார்ட் கொண்டு வீட்டுக்கே வந்தவன். வாசலில வச்சுக் கிழிச்சனான். அவன்ர மனிசியாகப் போறவளும் பக்கத்தில நிண்டவள்."

அவன் துணியை உதறிக் கார்க் கூரையில் போட்டான்.

"பிரணவன்ர ஃபோர்ம் வந்த அண்டைக்கு நீ இஞ்ச ஹோலில இருந்தனி."

"ஓம்."

"தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தனி."

"ஓம்டா. மன்னிச்சுக்கொள்." அந்தச் சொல்லை நாற்பது வருடமாக எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்! வாயை விட்டு வந்தபோது அதில் ஒரு சத்தும் இருக்கவில்லை.

அவன் ஏசவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "நிமாலின்ர நம்பரைத் தா. அவனுக்கு நீ ஒண்டும் சொல்லவேண்டாம், நான் சொல்லுறன்" என்றான். தொலைபேசியைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். தன்னுடையதில் பதிந்துகொண்டான்.

"குணம், இதை நீ அண்டைக்கே பலகைக்கு முன்னால சொல்லியிருந்தால், உனக்குக் கன்னத்தில ஒண்டு விட்டிருப்பன். ரெண்டு நாள் உன்னோட கதைச்சிருக்கமாட்டன். மூண்டாம் நாள் பின்னேரம் பிராக்டிஸுக்குப் போயிருப்பன். அவ்வளவுதான் விசயம்."

மலர் தட்டில் இரண்டு கோப்பையோடு வெளியே வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் வெய்யிலுக்க நிண்டுகொண்டு?"

"குணம் நிக்கேல்லையாம்" என்றான் தவம். "வெளிக்கிடப் போறானாம்."

அந்த வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்காமல் நான் வெளிக்கிட்டது அன்றுதான் முதல் தடவை. கேற்றைத் திறக்கும்போது அவன் பின்னால் இருந்து கேட்டான். குரலில் கோபம் இல்லை, தெரியாத ஒரு விபரத்தை விசாரிப்பதுபோலத்தான் கேட்டான்.

"அடுத்த வருசமும் டீம் வெளியில போனதுதானே?"

போனது. அந்த வருடம் இடது கைக்காரன் ஒருவன் தேவை என்று ஊரெல்லாம் தேடினார்கள். செயலாளர் என்னிடமும் கேட்டார், "உன் சிநேகிதன் வருவானா?" என்று. அவன் விளையாட்டை விட்டுவிட்டான் சேர் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு பெயரையும் இருந்தபடியே, ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.